எண்ணெய்க்குக் கணக்கு இருந்தது

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி நகரும் வண்டிகளுக்குக் கணக்கில்லை. அந்த வண்டிகள் பலவற்றுக்குப் பெட்ரோல் தருவது பாரத் பெட்ரோலியம். 1976 ஜனவரியில் அரசுடைமை ஆகும்வரை அந்த நிறுவனத்தின் பெயர் பர்மா ஷெல். வட ஆற்காட்டுக் கிராமங்களில் விளக்கெரித்த ‘கிருஷ்ணாயில்’ அந்தப் பெயரோடுதான் வந்தது. எண்ணெய் தீர்ந்த தகர டின்னில் பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். கம்பெனியின் பெயரில் ஒரு நாடே இருந்தும், அது எண்ணெய் விளைந்த நாடு என்பது இங்கே பலருக்கும் நினைவில் இல்லை. பர்மாவைத் தேக்குக்கும் அரிசிக்கும் நினைவில் வைத்திருக்கிறோம், எண்ணெயை மறந்துவிட்டோம். இராக்கிலும் குவைத்திலும் லிபியாவிலும் எண்ணெய் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த நாம், நம்முடைய தாத்தா பாட்டிகள் பிழைக்கப் போன நாட்டில் 1942லேயே அது நடந்ததைப் பேசுவதில்லை.

ரமண நகர்த் தெருக்களில் இன்று உலகத்தின் பல மொழிகள் கேட்கின்றன. போர் நடக்கும் நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் போர் மூண்ட ஓர் எண்ணெய் நாட்டிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய மனிதர் ஒருவர் இந்த மாவட்டத்திலேயே பிறந்தவர். செய்யாறு பக்கத்து வெங்களத்தூரில் 1895ல் பிறந்த வெ. சாமிநாத சர்மா அவர். திரு.வி.க.வோடு ‘தேசபக்த’னிலும் ‘நவசக்தி’யிலும் பணியாற்றியவர், பிளேட்டோவைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். 1932ல் ரங்கூன் போனார். அங்கே ‘ஜோதி’ என்ற மாத இதழை நடத்தினார். பத்தாண்டு கழித்து, குண்டு விழுந்த ரங்கூனை விட்டு மனைவியோடு கிளம்பி இந்தியா வந்து சேர்ந்தார். அந்தப் பயணத்தை அவர் எழுதிய ‘பர்மா வழிநடைப் பயணம்’ தமிழில் போர் அகதி வாழ்வைச் சொல்லும் அரிய நூல்களுள் ஒன்று. ஐந்து லட்சம் பேர் போன வழியில், எழுதத் தெரிந்த ஒருவரின் கால் நடந்ததால் நமக்கு அந்த நூலாவது கிடைத்தது.

ஐராவதிக் கரையில்

பர்மாவின் நடுவே, ஐராவதி ஆற்றின் கிழக்குக் கரையில், மழை குறைந்த வறண்ட மேட்டு நிலத்தில் இருக்கிறது ஏனாஞ்சாங். அங்கே எண்ணெய்க் கிணறுகளை மனிதர்கள் கையால் தோண்டினார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1859ல் இயந்திரக் கிணறு தோண்டியதிலிருந்துதான் எண்ணெய் வரலாற்றைத் தொடங்குவார்கள். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1797ல், ஹிராம் காக்ஸ் என்ற கிழக்கிந்தியக் கும்பெனித் தூதர் ஏனாஞ்சாங்கில் 500க்கும் மேற்பட்ட கிணறுகள் இருந்ததாகக் குறித்திருக்கிறார். கிணறுகள் 24 குடும்பங்களுக்குப் பரம்பரைச் சொத்து. எடுத்த எண்ணெயை விளக்குக்கு வைத்தார்கள், படகின் அடியில் பூசினார்கள், செல்லரிக்காமலிருக்க ஓலைச்சுவடிகளில் தடவினார்கள்.

தோண்டும் வேலை கொடுமையானது. கிணற்றுக்குள் வாயு நிறைந்திருக்கும், மூச்சு பிடித்து நிற்கும் நேரம் மிகக் குறைவு. கண் இருட்டுக்குப் பழகும் வரை காத்திருக்க முடியாது என்பதால் இறங்குகிறவர் முன்கூட்டியே கண்ணைத் துணியால் கட்டிக்கொள்வார். கயிற்றில் இறங்கி, கட்டை அவிழ்த்து, சில கொத்து கொத்திவிட்டு மேலே வந்துவிட வேண்டும். பிற்காலத்தில் கடலில் மூழ்குகிறவர்கள் அணியும் தலைக்கவசத்தையும் காற்றுக் குழாயையும் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

ஆங்கிலேயர் பர்மாவோடு மூன்று போர் நடத்தினர். 1824ல் தொடங்கிய முதல் போரில் சென்னைப் படையின் சிப்பாய்கள் பெரும் எண்ணிக்கையில் கப்பலேறினார்கள். தமிழன் அந்த மண்ணில் கும்பல் கும்பலாகக் கால் வைத்தது, வேறொருவர் சண்டைக்குச் சிப்பாயாகத்தான். 1852ல் கீழ்ப்பர்மா போனது. 1885ல் மாண்டலேயிலிருந்த திபா மன்னரைப் பிடித்து இந்தியாவின் ரத்னகிரிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1886 ஜனவரி 1 அன்று மேல்பர்மாவும் பிரிட்டிஷ் ஆட்சிக்குள் போயிற்று. அதே 1886ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டேவிட் கார்கில் என்பவர் பர்மா ஆயில் கம்பெனியைத் தொடங்கினார். மன்னர் போன மறு வருடமே கம்பெனி வந்த வேகத்தைப் பாருங்கள்.

அமெரிக்கத் துளைப்பாளர்கள் வந்தார்கள். ரங்கூனுக்கு எதிர்க்கரையில் சிரியம் என்ற இடத்தில் சுத்திகரிப்பு ஆலை வளர்ந்தது. எண்ணெய் வயலிலிருந்து ஆலைவரை குழாய் போட்டார்கள். சுத்திகரித்த எண்ணெய்க்குப் பெரிய சந்தை இந்தியா. 1928ல் ஷெல்லோடு கூட்டுச் சேர்ந்து பர்மா ஷெல் பிறந்தது. அதற்கு முன்னரே இன்னொரு காரியம் நடந்துவிட்டது. பாரசீகத்தில் எண்ணெய் தேடிப் பணம் கரைத்துக்கொண்டிருந்த டார்சி என்பவருக்கு முதல் கொடுத்துத் தாங்கியது இதே பர்மா ஆயில் கம்பெனிதான். 1908 மே மாதம் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. அடுத்த ஆண்டு ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி தொடங்கியது. இன்று அதன் பெயர் பி.பி. மேற்காசியாவின் எண்ணெய் அரசியல் முழுவதற்கும் விதையாக இருந்த மூலதனத்தில் ஒரு பங்கு ஐராவதிக் கரையில் கிடைத்த லாபம். ஈரானில் 1951ல் மொசாடெக் எண்ணெயை நாட்டுடைமையாக்கியதும், 1953ல் அவர் கவிழ்க்கப்பட்டதும், இன்றுவரை நீளும் பகையும் இந்த வேரிலிருந்து கிளைத்தவை.

கொண்டுவிற்கப் போனவர்களும் கூலிக்குப் போனவர்களும்

1869ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பா பர்மா அரிசியை விழுங்கத் தொடங்கியது. ஐராவதிக் கழிமுகத்தின் காடுகளை வெட்டி நெல் வயலாக்க ஆளும் வேண்டும், பணமும் வேண்டும். வெள்ளைக்காரர் வங்கிகள் பர்மியக் குடியானவனுக்குக் கடன் தரவில்லை. அந்த இடத்தில்தான் செட்டியார்களான நகரத்தார் வந்தார்கள். ‘கொண்டுவிற்கப் போவது’ என்று அவர்கள் சொல்வார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறி, ரங்கூன் முகல் தெருவிலும் ஊர் ஊராகவும் பெட்டியடியில் உட்கார்ந்து லேவாதேவி நடத்தினார்கள். 1930 வாக்கில் அங்கே 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. வெளியே விட்டிருந்த கடன் 75 கோடி ரூபாய் என்று அப்போதைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அந்தப் பணத்தில்தான் செட்டிநாட்டு வளவுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் எழுந்தன. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் உட்படத் தமிழ்நாட்டின் பெருங்கோயில்கள் பலவற்றுக்குத் திருப்பணி செய்தவர்களும் நகரத்தாரே.

1930ல் உலகச் சந்தை சரிந்து நெல் விலை பாதாளத்துக்குப் போனது. குடியானவனால் வட்டி கட்ட முடியவில்லை. அடமான நிலம் கடன்காரரிடம் வந்து விழுந்தது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடமிருந்த நிலம் 1930ல் நூற்றுக்கு 6 பங்கு. 1937ல் 25 பங்கு. செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டவர்கள் அல்லர், அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். அதை நான் நம்புகிறேன். ஆனால் நிலத்தை இழந்து கூலியாகிப்போன பர்மியக் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் என்ன ஆறுதலைத் தரும்? நம்மவர் பட்ட துயரத்தை எழுதுகிற போது அந்தக் குடும்பத்தையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் பின்னால் வந்த வெறுப்பு வானத்திலிருந்து விழுந்ததுபோல் ஆகிவிடும்.

கூலிக்குப் போனவர்கள் கதை வேறு. தெலுங்கு மாவட்டங்களிலிருந்தும் ராமநாதபுரம், தஞ்சை பக்கங்களிலிருந்தும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கப்பலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு போனார்கள். அறுவடை, அரிசி ஆலை, துறைமுகம், ரயில், தோட்டி வேலை என்று பர்மியர் தொடாத வேலை எல்லாம் இவர்களுக்கு. எண்ணெயிலும் இந்தப் பிரிவினை தெரிந்தது. வயலில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பர்மியர். சிரியம் ஆலையில் இந்தியர்கள் அதிகம். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள், ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் அவர்கள். 1930 மே மாதம் துறைமுக வேலையை முன்னிட்டு இந்தியக் கூலிகளுக்கும் பர்மியக் கூலிகளுக்கும் மூண்ட கலவரத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். கப்பல் கம்பெனிக்காரர்களுக்குக் கீறலும் இல்லை. 1938ல் சாவுக் எண்ணெய் வயலின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, ரங்கூனை நோக்கி நெடுநடை நடந்தார்கள். அதில் மாணவர்களும் விவசாயிகளும் சேர்ந்துகொண்டனர். பர்மிய விடுதலை இயக்கத்துக்குப் பெரும் உந்துதல் தந்தது அந்த நடை. அதே 1938ல் இந்தியர்களுக்கு எதிரான கலவரமும் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நடந்தவர்கள்

1941 டிசம்பர் 23. ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் முதல் குண்டுகளைப் போட்டன. வானில் விமானத்தை வேடிக்கை பார்த்து நின்ற துறைமுகக் கூலிகள் கொத்தாகச் செத்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் குண்டு. கப்பலில் இடம் பிடிக்கக் காசும் செல்வாக்கும் வேண்டும். அவை இல்லாதவர்களுக்குக் கால்கள் மட்டும் மிச்சம். அரக்கானின் தாவுங்கப் கணவாய் வழியாகச் சிலர். மாண்டலேவரை போய், சிந்த்வின் ஆற்றைக் கடந்து, தமு வழியாக மணிப்பூருக்குப் பலர். கடைசியாகக் கிளம்பியவர்களுக்கு வடக்கே ஹுகாவுங் பள்ளத்தாக்கு, அதுவும் மழைக்காலத்தில். காலராவும் மலேரியாவும் பசியும் கூடவே நடந்தன. வழியில் பிள்ளை பெற்றவர்கள் இருந்தார்கள், பெற்றோரை உட்கார வைத்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். பர்மா குடும்பங்களில் இந்தக் கதைகளைக் கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும்: விட்டுவந்தவர்கள் யார் என்று சொல்லும் இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

வெள்ளையர்களுக்கும் வசதியானவர்களுக்கும் ஒரு பாதை, மற்றவர்களுக்கு வேறு பாதை என்று பிரித்ததாக அப்போதே குமுறல் எழுந்தது. ‘வெள்ளைப் பாதை, கறுப்புப் பாதை’ என்ற பெயர்களே புழக்கத்துக்கு வந்தன. 1942 ஏப்ரல் இறுதியில் அலகாபாத்தில் கூடிய காங்கிரஸ் கமிட்டி இந்தப் பாகுபாட்டைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது.

ஜனங்கள் நடந்துகொண்டிருந்த அதே வாரங்களில் எண்ணெயை என்ன செய்வதென்று ராணுவம் திட்டமிட்டுக்கொண்டிருந்தது. ஜப்பான் போரில் இறங்கியதே எண்ணெய்க்காக. அது எதிரி கையில் சிக்கக்கூடாது. மார்ச் 7 அன்று, ரங்கூன் விழுவதற்கு முந்தைய நாள், சிரியம் ஆலையைத் தகர்த்துத் தீ வைத்தார்கள். ஏப்ரல் நடுவில் ஏனாஞ்சாங் வயல்களுக்கு முறை வந்தது. கிணறுகளை அடைத்து, இயந்திரங்களை உடைத்து, தொட்டிகளைக் கொளுத்தினார்கள். புகையின் நடுவிலேயே சண்டை நடந்தது. சூழப்பட்டு நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சீனத் தளபதி சுன் லிரென் படை வந்து மீட்டது. எத்தனை நுணுக்கமான திட்டம்! எந்த இயந்திரத்தை எப்போது உடைப்பது என்று முன்கூட்டியே பொறியாளர்கள் தயாராக இருந்தார்கள். நடந்து போகிறவர்களுக்கு அடுத்த முகாமில் அரிசி இருக்குமா என்பதற்கு அப்படி ஒரு திட்டம் இருக்கவில்லை.

ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வெளியேறினார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனை பேர்? பத்தாயிரம் என்பார்கள், ஐம்பதாயிரம் என்பார்கள். இரண்டுக்கும் இடையிலிருக்கும் நாற்பதாயிரம் உயிர்களை யாரும் எண்ணவில்லை.

தமிழ்நாட்டில் பர்மா போரின் அடி வேறு விதமாக விழுந்தது. பர்மா அரிசி நின்றது. சென்னை மாகாணத்தில் ரேஷன் வந்தது. வங்காளத்தில் 1943ல் பஞ்சம் முப்பது லட்சம் பேர் வரை கொன்றதற்குப் பர்மா அரிசி நின்றது ஒரு காரணம். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டு ஊர்களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்க்காத தெரு குறைவு. 1952ல் வந்த ‘பராசக்தி’ படத்தின் கதை ரங்கூனில் தொடங்குவது பார்த்தவர்களுக்கு விசித்திரமாகப் படவில்லை. அவர்கள் தெருவில் நடந்த கதைதான் அது.

லண்டன் வழக்கு

போர் முடிந்தது. பர்மா ஆயில் கம்பெனி பிரிட்டிஷ் அரசிடம் நஷ்டஈடு கேட்டது. உங்கள் உத்தரவால்தான் எங்கள் சொத்து அழிந்தது, பணம் கொடுங்கள் என்பது வாதம். வழக்கு ஸ்காட்லாந்து நீதிமன்றங்களைத் தாண்டி லண்டனில் பிரபுக்கள் சபைக்குப் போனது. 1964 ஏப்ரலில் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் கம்பெனி வென்றது. போர்க்காலத்தில் அரசு தன் அதிகாரத்தால் ஒருவர் சொத்தை அழித்தாலும் ஈடு தர வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். கஜானா காலியாகிவிடும் என்று பயந்த பிரிட்டிஷ் பாராளுமன்றம் மறு ஆண்டே போர்ச்சேதச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, அந்தத் தீர்ப்பைப் பின்தேதியிட்டு ரத்து செய்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இது பாடம்.

கம்பெனிக்கு முழு நீதி கிடைக்கவில்லைதான். ஆனால் கம்பெனியிடம் இயந்திரப் பட்டியல் இருந்தது, மதிப்பு இருந்தது, வக்கீல் இருந்தார், கேட்க நீதிமன்றம் இருந்தது. இருபது ஆண்டு கழித்தும் ஒரு நீராவிக் கொதிகலன் எங்கே நின்றது என்று சொல்ல முடிந்தது. தமு பாதையில் காலராவில் விழுந்த ஒரு கூலியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் பெண்டாட்டி எந்த நீதிமன்றத்தில் யார் மேல் வழக்குப் போடுவாள்? இந்த இரண்டு உண்மையையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

அந்தத் தீர்ப்பு வந்த 1964ஆம் ஆண்டே பர்மாத் தமிழர்களின் இரண்டாம் வெளியேற்றமும் நடந்துகொண்டிருந்தது. 1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்ற பர்மா, அதே ஆண்டு நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். எண்ணெய் 1963ல் அரசிடம் போனது, வங்கிகளும் போயின. 1964ல் கடைகள், அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். தாலியும் கையில் கொஞ்சம் காசும் தவிர மற்றதைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டுச் சென்னையில் இறங்கினார்கள். சென்னையில் பர்மா பஜார் வந்தது. மறுவாழ்வுக்கென்று 1969ல் ரெப்கோ வங்கி வந்தது. ஊர் ஊராக பர்மா காலனிகள் முளைத்தன. சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் பக்கத்தில் பர்மிய நூடுல்சான அத்தோ விற்கும் வண்டிகள் அவர்கள் கொண்டுவந்த ருசி.

சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. பிறந்த ஊர் அதுதான் என்று தரைவழியே பர்மாவுக்குத் திரும்பக் கிளம்பினார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேயில் நின்றுவிட்டார்கள். 1942ல் முந்தைய தலைமுறை எந்தப் பாதையில் ஓடிவந்ததோ அந்தப் பாதையின் வாசலிலேயே ஊர் அமைத்து, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எடுத்தார்கள். 2023 மே மாதம் மணிப்பூரில் வெடித்த கலவரத்தில் மோரேயும் எரிந்தது, தமிழர்களிலும் வீடிழந்தவர்கள் உண்டு.

பர்மா என்ன ஆயிற்று? போருக்கு முன் உலகின் முதன்மையான அரிசி ஏற்றுமதி நாடு. 1987ல் அதை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் ஐ.நா. சேர்த்தது. பழைய எண்ணெய் வற்றிய இடத்தில் கடலில் எரிவாயு கிடைத்தது. யடானா வயலின் வாயு தாய்லாந்துக்குப் போனது. குழாய் போட்டபோது ராணுவம் கிராமத்தாரை அடித்து வேலை வாங்கியது என்று 1996ல் அமெரிக்க நீதிமன்றத்தில் அந்தக் கிராமத்தார், குழாயில் பங்கிருந்த யூனோகால் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். 2005ல் கம்பெனி பணம் கொடுத்துச் சமாதானமாகப் போனது. எளிய மனிதர்கள் ஒரு முறையாவது கேட்டு வாங்கினார்கள் என்பதால் இதை இங்கே பதிகிறேன். ஷ்வே வயலின் வாயு 2013 முதல் சீனாவின் யுன்னானுக்குப் போகிறது. அந்த வயலில் இந்தியாவின் ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கும் கெயிலுக்கும் பங்கு உண்டு. பர்மியக் கிராமங்களில் இரவு மின்சாரம் இல்லாத வீடுகள் ஏராளம்.

2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பின் நாடு முழுவதும் உள்நாட்டுப் போர். வாயு வருமானம் ராணுவத்துக்குக் குண்டு வாங்கும் பணம் என்பதால் அரசின் எண்ணெய் நிறுவனத்தின் மீது 2022ல் ஐரோப்பிய ஒன்றியமும் 2023ல் அமெரிக்காவும் தடை விதித்தன. டோட்டல், செவ்ரான் கம்பெனிகள் விலகுவதாக அறிவித்தன. அகதிகள் மிசோரமுக்கும் மணிப்பூருக்கும் வந்தார்கள். எண்பது வருடத்துக்கு முன் நம்மவர் வந்த திசையிலிருந்து வருகிறவர்களை எப்படி நடத்துவது என்பதில் தமிழர்களுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. 1942ல் அம்மா இடுப்பிலிருந்தவர்களுக்கும் கைபிடித்து நடந்தவர்களுக்கும் இன்று எண்பதையும் தொண்ணூறையும் தாண்டிய வயது. 1964ல் கப்பலில் வந்த பிள்ளைகளுக்கு எழுபது ஆகிறது. பர்மா காலனிகள்தோறும் போய், வழியில் விட்டுவந்தவர்களின் பெயர், ஊர், உறவு, விழுந்த இடம் எதுவாயினும் கேட்டுப் பதிய வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா நிலத்துக்கான பத்திரங்களைப் பத்திரப்படுத்தியிருப்பவர்கள் தங்கள் கணக்கேடுகளைத் திறந்து காட்டலாம். கடன் வாங்கிய பர்மியர் பெயர்களும் அவற்றில்தான் இருக்கும். தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்தால் இரண்டு வருட வேலை. சாமிநாத சர்மா பிறந்த மாவட்டத்திலிருந்தே, செய்யாற்றிலிருந்தே தொடங்கலாம். இந்த வருடமே தொடங்க வேண்டும். அடுத்த வருடம் கேட்கப் போனால் பதில் சொல்ல ஆள் குறைந்திருக்கும்.